கண்ணாடிய மட்டும் பார்த்தா ஹார்ட்விக் ஹால் புரியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல இங்கிலாந்து பழைய கல் வீடுங்க பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். நாட்டிங்ஹாம்ல மக வீட்ல இருக்கேன், இங்க பேப்பர் கைக்கு வராது, ஆனா ஆன்லைன்ல ஒரு நாள் விடாம பாத்துடுவேன். டெர்பிஷைர்ல இருக்கற ஹார்ட்விக் ஹால் போட்டோவ அரைப்பக்கத்துக்கு போட்டிருந்தீங்க, சந்தோஷம். ஆனா அதுக்கு கீழ எழுதினது பூரா கண்ணாடி, கண்ணாடி, கண்ணாடிதான். ஹார்ட்விக் ஹால்ல சுவரை விட கண்ணாடி ஜாஸ்தின்னு இந்த ஊர்க்காரங்க ரொம்ப காலமா பாட்டு மாதிரி சொல்லிட்டு வர்றாங்க, அந்த வீட்ட பத்தி எழுதற எல்லாரும் அதைத்தான் முதல்ல எடுத்து வைப்பாங்க, உங்க நிருபரும் வச்சிட்டாரு. சரிங்க, அவ்ளோ ஜன்னல் வச்ச ஒரு கல் கட்டடம் நானூறு வருஷத்துக்கு மேல எப்படி நிக்குது, அத ஒருத்தராவது கேக்க வேண்டாமா? நான் ஊர்ல கட்டட காண்ட்ராக்ட் எடுத்து பொழச்ச ஆளு, எனக்கு எந்த கட்டடத்த பார்த்தாலும் முதல்ல வர்ற கேள்வி லோடு எங்க இறங்குதுங்கறதுதான். அதுக்கு பதில் அந்த வீட்டுக்குள்ளயே இருக்கு, அதை எழுதத்தான் இந்த லெட்டர்.

அதுக்கு முன்னாடி ஒரு திருத்தம். மேல டவர் உச்சியில கல்லுல செதுக்கின ‘ஈ எஸ்’ எழுத்து ராணி எலிசபெத்தோடதுன்னு கட்டுரையில இருந்துச்சு. இல்லீங்க. அது எலிசபெத் ஷ்ரூஸ்பரி, அதாவது வீட்ட கட்டின அம்மா. எல்லாரும் பெஸ் ஆஃப் ஹார்ட்விக்னு சொல்வாங்களே அவங்கதான். எழுத்துக்கு மேல இருக்கற கிரீடமும் ராணி கிரீடம் இல்ல, கவுண்டஸ், அதாவது பிரபு மனைவி போடற கிரீடம். அந்த அம்மா சாதாரண ஆள் இல்ல, நாலு கல்யாணம், கடைசி புருஷன் ஷ்ரூஸ்பரி பிரபு 1590ல செத்தாரு, இவங்க கைக்கு நல்ல வருமானம் வந்துச்சு, அதே வருஷம்தான் இந்த வீட்டு வேலை ஆரம்பம், 1597 அக்டோபர்ல குடி வந்துட்டாங்க. அப்போ வயசு எழுபது பக்கம். எழுபது வயசுல குடி போக மலை மேல மூணு மாடி வீடு, அதுவும் தன் பேர ஆறு டவர்லயும் வானத்துல எழுதி வச்சு! அந்த அம்மாவோட தில்ல பத்தி நீங்க எழுதினதுல எனக்கு ஆட்சேபணை கிடையாது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சாதாரணமா அந்த காலத்து இங்கிலீஷ் கல் வீடுகள்ல அடுப்படியும் குளிர் காயற கணப்பும் வெளிச்சுவர்லதான் இருக்கும், அதோட புகைபோக்கி சுவரோட ஒட்டி வெளிய பெருசா துருத்திக்கிட்டு மேல போகும். அப்படி போனா அந்த இடத்துல ஜன்னல் வைக்க முடியாது. ஹார்ட்விக்ல என்ன பண்ணாங்கன்னா, புகைபோக்கிகள வெளிச்சுவர்லேருந்து எடுத்து வீட்டுக்குள்ள இருக்கற கனமான கல் சுவர்களுக்குள்ள வச்சுட்டாங்க. அதுதான் சூட்சுமம். உள்ள இருக்கற அந்த சுவருங்கதான் கட்டடத்தோட முதுகெலும்பு, மாடியோட வெயிட்ல பெரும் பங்க அது வாங்கிக்குது, புகையும் அதுக்குள்ளயே மேல போயிடுது, வெளிச்சுவருக்கு பாரம் குறைஞ்சு போச்சு, அதனால அத தைரியமா ஓட்டை போட்டு ஜன்னலா திறந்து விட்டாங்க. வெளிய நின்னு பாக்கறவனுக்கு கண்ணாடி வீடு, உள்ள போய் தட்டி பாக்கறவனுக்கு சுத்த கல் வீடு.

இதோட இன்னொன்னு சேரணும். ஆறு டவர் இருக்குன்னு சொன்னேன்ல, முன்பக்கம் ரெண்டு, பின்பக்கம் ரெண்டு, ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொன்னு. அது வெறும் அலங்காரம்னு எழுதிட்டீங்க. ஒரு நீளமான சுவர் நேரா ஒரே கோடா போனா அது ஆட்டம் கொடுக்கும், அங்கங்க மடிச்சு விட்டா விறைப்பா நிக்கும், அட்டைய மடிச்சு நிக்க வைக்கற மாதிரிதான். டவர் ஒவ்வொன்னும் அப்படி ஒரு மடிப்பு. இது என் தொழில் கணக்கு, வீட்டுக்கு ப்ளான் போட்ட ஸ்மித்சன் அப்படித்தான் நினைச்சாரான்னு கேட்டா அந்த மனுசன் எழுதி வச்சிட்டு போகல, ஆனா ஒரு மேஸ்திரிக்கு இது கைப்பழக்கத்துலயே தெரியும்.

ஆமா, ஸ்மித்சன். ராபர்ட் ஸ்மித்சன். உங்க கட்டுரையில ‘புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட்’னு ஒரே வார்த்தையில தாண்டி போயிட்டீங்க. அவர் அடிப்படையில கல் கொத்தனார்ங்க. லாங்லீட் வீட்டுக்கு 1568ல கல் வேலைக்கு வந்தவரு, அப்புறம் இங்க நாட்டிங்ஹாம்ல வொல்லாட்டன் ஹால 1580லேருந்து 1588க்குள்ள முடிச்சு கொடுத்தாரு, அப்புறம்தான் ஹார்ட்விக். 1614ல செத்தப்ப வொல்லாட்டன் சர்ச்லயே அடக்கம் பண்ணி கல்வெட்டுல அவர ஆர்க்கிடெக்ட், சர்வேயர்னு போட்டிருக்காங்க. உளி புடிச்ச கை ப்ளான் போட ஆரம்பிச்ச காலம் அது. ஜன்னலுக்கு நடுவுல எவ்ளோ கல்ல விடணும் எவ்ளோவ வெட்டி எடுக்கலாம்ங்கறது கல்ல தூக்கி வச்சு பார்த்தவனுக்குத்தான் தெரியும், அதனாலதான் அந்த மனுசனால இவ்ளோ துணிச்சலா போக முடிஞ்சுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

ஜன்னலையே எடுத்துக்கோங்களேன். போட்டோவுல பாத்தா ஒரே பெரிய கண்ணாடி மாதிரி தெரியும். கிட்ட போய் பாருங்க, ஒவ்வொரு ஜன்னலையும் நட்டமா நிக்கற கல் கால்களும் குறுக்க போற கல் சட்டமும் கட்டம் கட்டமா பிரிச்சிருக்கு. இங்க நட்ட கல்ல மல்லியன்னும் குறுக்கு கல்ல ட்ரான்சம்னும் சொல்றாங்க. கல்லு அமுக்கத்த தாங்கும், வளைஞ்சா தாங்காது, ஒடைஞ்சிடும், இது ஊர்ல கோவில் மண்டபம் கட்டினவங்களுக்கும் தெரிஞ்ச விஷயம்தான். அதனால அவ்ளோ அகல ஜன்னலுக்கு மேல ஒரே கல்ல லிண்டலா போட முடியாது, ரெண்டடி மூணடிக்கு ஒரு கல் காலு முட்டு கொடுத்து நின்னாத்தான் மேல இருக்கற சுவர் நிக்கும். ஆக அந்த கண்ணாடிக்கு நடுவுல ஓடற கோடெல்லாம் அலங்காரம் இல்ல, தூண். அந்த கட்டத்துக்குள்ளயும் முழு கண்ணாடி கிடையாது, அந்த காலத்துல அவ்ளோ பெரிய கண்ணாடி ஊதி எடுக்க முடியாது, சின்ன சின்ன துண்டா வெட்டி ஈயப்பட்டையில கோத்து வச்சிருக்காங்க. துண்டு ஒவ்வொன்னும் லேசா வேற வேற கோணத்துல உக்காந்திருக்கறதால சாயந்திர வெயில்ல முன்பக்கம் பூரா ஒரே நேரத்துல மின்னாது, அங்கங்க விட்டு விட்டு பத்திக்கும். உங்க போட்டோ மத்தியானம் எடுத்தது போல, அதுல இது தெரியல.

இன்னொரு வேடிக்கை, இது எந்த டூரிஸ்ட் கட்டுரையிலயும் வராது. முன்பக்கம் சீரா தெரியணும்னு வச்சதுல சில ஜன்னல் பொய் ஜன்னல். வெளிய கண்ணாடி இருக்கும், பின்னாடி போனா புகைபோக்கியோ சுவரோ இருக்கும், ரூமே கிடையாது. சில இடத்துல வெளிய பாத்தா ஒரே உயர ஜன்னல், உள்ள அது ரெண்டு தாழ்ந்த தளத்துக்கு பங்கு போட்டு வெளிச்சம் கொடுக்குது. கண்ணாடி வீடுன்னு புகழறவங்க இத கவனிக்கணும். வெளி அழகுக்கு உள்ள கொஞ்சம் ஏமாத்து வேலை பண்ணித்தான் அந்த சீர் வந்திருக்கு. நான் குறையா சொல்லல. காண்ட்ராக்ட் எடுத்தவன் எவனும் இத பாத்தா சிரிச்சுக்குவான், எலிவேஷனுக்காக உள்ள அட்ஜஸ்ட் பண்றது அன்னைக்கே இருந்திருக்கு.

மாடிக்கு மாடி ஜன்னல் உயரம் கூடிக்கிட்டே போறத உங்க நிருபர் கவனிச்சிருக்காரு, அதுக்கு ஒரு சபாஷ். ஆனா ஏன்னு சொல்லல. கீழ்த்தளத்துல வேலைக்காரங்க, சமையல் கட்டு, அதனால ஜன்னல் சின்னது. நடு மாடி குடும்பம் தினப்படி புழங்கற இடம், அங்க கொஞ்சம் பெருசு. உச்சி மாடிதான் விருந்தாளி, பிரபு, ஒருவேளை ராணியே வந்தா தங்க வைக்கலாம்னு வச்ச அந்தஸ்து மாடி, அங்கதான் ஹை கிரேட் சேம்பர்னு பெரிய சபை ரூமும் லாங் கேலரிங்கற நீளக் கூடமும். அங்க ஜன்னல் ஆளு உயரத்துக்கு ரெண்டு மூணு மடங்கு. நம்ம ஊர் கட்டடக் கணக்குப்படி இது தலைகீழ், கீழ கனம் மேல லேசுன்னு போகும்னு சொல்வோம், யோசிச்சு பாத்தா இங்கயும் அதேதான் நடக்குது, மேல போக போக கல் குறைஞ்சு கண்ணாடி கூடுது, அதாவது மேல வெயிட் குறையுது. மரியாதைக்காக பண்ணது இன்ஜினியரிங்குக்கும் ஒத்து போயிருக்கு.

ராணி எலிசபெத் ஒரு தடவ கூட அந்த வீட்டுக்கு வரல, அது வேற கதை. ஆனா வந்தா பாக்கணும்னு அந்த சபை ரூம் சுவருல மேல சுத்திலும் சாந்துல ஒரு காடே பண்ணி வச்சு கலர் அடிச்சிருக்காங்க, வேட்டை தெய்வம் டயானா, மான், பன்னி எல்லாம், நடுவுல ராஜ முத்திரை. சமையல் கட்டு கீழ இருக்கு, அங்கேருந்து சாப்பாட்ட அந்த ரூமுக்கு கொண்டு வந்து சேக்கறதுக்குள்ள ஆறிப்போயிருக்கும்னு என் மக சொன்னா, நியாயம்தான்.

அந்த ரூமுக்கு போற படிக்கட்ட பத்தி கட்டுரையில ஒரு வரி கூட இல்லாததுதான் எனக்கு பெரிய வருத்தம். அந்த வீட்ல எனக்கு ரொம்ப புடிச்சது அதுதான். கல் படிக்கட்டு, கைப்பிடி அலங்காரம் ஒன்னும் கிடையாது. கீழ்த்தள ஹால் ரூம் பக்கத்துல ஆரம்பிச்சு ஒரு இடத்துல நிக்காம வளைஞ்சு, திரும்பி, கொஞ்ச தூரம் நேரா போயி, மறுபடி திரும்பி வீட்டுக்குள்ளயே ஒரு பாதை மாதிரி ஏறுது. படி உயரம் கம்மி, அகலம் ஜாஸ்தி, கனத்த பட்டு உடுத்தின பொம்பளைங்க மூச்சு வாங்காம ஏறணும்னு பண்ணிருக்கலாம், என் முட்டிக்கும் சொகமாத்தான் இருந்துச்சு. நடு நடுவுல படி கல்லு கால் பட்டு பட்டு குழிஞ்சு போயிருக்கு. அந்த குழியில கைய வச்சு பாத்தா கல்லோட படிவு வரி வரியா விரலுக்கு தட்டுப்படுது, மணல் பாறை, அப்படித்தான் இருக்கும்.

அந்த ஹால் ரூமையும் சொல்லணும். அது வரைக்கும் இங்கிலீஷ் வீட்டு ஹால் வீட்டோட நீளத்துக்கு ஒத்தாப்ல படுத்து கிடக்கும், ஒரு ஓரத்துல கதவு, உள்ள போனா ஒரு தடுப்பு, அத சுத்தி போனாத்தான் ஹால். ஸ்மித்சன் அத குறுக்க திருப்பி, வீட்டுக்கு நட்ட நடுவுல முன்வாசல்லேருந்து நேரா உள்ள போற மாதிரி வச்சாரு. இந்த ஒரு திருப்புல ரெண்டு பக்கமும் சமமா பிரிஞ்சிடுச்சு, வெளிய இருக்கற சீரும் உள்ள இருக்கற ப்ளானும் ஒன்னோட ஒன்னு பொருந்திடுச்சு. இந்த நாட்டு வீடு கட்டற சரித்திரத்துல அது ஒரு பெரிய திருப்பம்னு இங்க படிச்சவங்க சொல்றாங்க. இதையெல்லாம் விட்டுட்டு கண்ணாடிய பத்தியே பேசினா எப்படிங்க.

கல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க. வொல்லாட்டன் ஹாலுக்கு அன்காஸ்டர்லேருந்து சுண்ணாம்பு பாறைய வண்டி வண்டியா கொண்டு வந்தாங்க. ஹார்ட்விக்குக்கு அந்த அவசியமே இல்ல, வீடு நிக்கற அதே மலையில வெட்டின மணல் பாறைதான். கருப்பு மார்பிள் ஆஷ்ஃபோர்ட்லேருந்து, ஈயம் டெர்பிஷைர்லயே கிடைக்கும், கண்ணாடிக்கு அந்த அம்மா விங்ஃபீல்டுல சொந்தமா பட்டறை வச்சிருந்தாங்க. மெட்டீரியல் பூரா சொந்த நிலம், வெளிய காசு போகறது கூலிக்கு மட்டும்தான்னு சொல்லலாம். அந்த கூலிக் கணக்கு புத்தகம் இன்னைக்கும் இருக்குங்க! யார் யாருக்கு எதுக்கு எவ்ளோன்னு எழுதி அம்மா சரி பாத்து வச்சிருக்காங்க. ரோட்ஸ்னு அண்ணன் தம்பிங்க, வொல்லாட்டன்ல வேலை பாத்தவங்க, அவங்கதான் சுவர் கல் வேலைய எடுத்திருக்காங்க. தாமஸ் ஆக்ரஸ்னு ஒரு மார்பிள் ஆளு, அந்த கருப்பு கல்ல அறுக்க ஒரு மெஷினே யோசிச்சு பண்ணிருக்காரு, அதுல குளிர்ந்து போயி அம்மா அவர் பொண்டாட்டிக்கு கவுன் வாங்கிக்க பணம் கொடுத்ததா கணக்குல இருக்கு. இந்த மாதிரி ஒரு சங்கதி ராணி பேச்சவிட சுவாரஸ்யமா இல்லையா, சொல்லுங்க.

லாங் கேலரி பத்தி நீங்க எழுதினது சரிதான், சுமார் 50 மீட்டர் நீளம், கிழக்கு பக்கம் பூரா. ஆனா அங்கயும் ஒரு விஷயம் பாருங்க, ஒரு பக்கம் ஜன்னல், எதிர் பக்கம் உள் சுவர்ல ரெண்டு பெரிய கணப்பு. நான் சொன்ன முதுகெலும்பு கண்ணுக்கு நேரா தெரியற இடம் அது. அந்த கேலரியிலதான் பைபிள்ல வர்ற கிதியோன் கதை சொல்ற 13 பெரிய திரைச்சீலைங்க தொங்குது, ஹாட்டன்னு ஒரு பிரபுக்காக நெய்தது, அவர் செத்தப்புறம் அந்த அம்மா 1592ல வாங்கினாங்க, ஹாட்டனோட முத்திரைய மறைச்சு தன் முத்திரைய போட செலவாகும்னு சொல்லி விலையில குறைச்சிருக்காங்க. கடைசியா 24 வருஷம் ஒவ்வொன்னா இறக்கி ரிப்பேர் பாத்து 2023ல வேலைய முடிச்சாங்க. அந்த சீலை வெறும் அலங்காரம் இல்ல, குளிருக்கு சுவருக்கு போட்ட போர்வை. அவ்ளோ ஜன்னல் வச்ச வீட்ல டிசம்பர் மாசம் எப்படி இருந்திருப்பாங்கன்னு கேக்கவே வேண்டாம், ரெண்டு கணப்பு அந்த கேலரிக்கு எந்த மூலைக்கு. வெளிச்சத்துக்கு கொடுத்த விலை குளிரு.

அப்புறம் ஏன் இந்த வீடு மட்டும் மாத்தாம அப்படியே இருக்குன்னா, அந்த அம்மாவோட வாரிசுங்க, டெவன்ஷைர் டியூக் குடும்பம், சாட்ஸ்வொர்த்ங்கற இன்னொரு வீட்டுக்கு போயிடுச்சு, பணத்த எல்லாம் அங்க கொட்டினாங்க, ஹார்ட்விக் ரெண்டாவது வீடா கிடந்துச்சு. யாரும் பெருசா ஃபேஷன் மாத்த வரல. 1679ல தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் அங்கதான் செத்தாரு, அந்த குடும்பத்துக்கு வாத்தியாரா இருந்தவரு. 1950ல பத்தாவது டியூக் செத்தப்ப வாரிசு வரி பயங்கரமா விழுந்துச்சு, கடைசியில வீடு அரசாங்கத்துக்கு போயி 1959ல பழைய வீடுங்கள பாதுகாக்கற நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்துச்சு. கவனிக்காம விட்டதே காப்பாத்தியிருக்கு.

ஆனா மணல் பாறை நிரந்தரம் இல்ல, அதையும் எழுதணும். மழையும் பனியும் உள்ள போயி பொரிஞ்சு வருது, ஓரம், விளிம்பு, டவர் மேல இருக்கற செதுக்கு வேலை எல்லாம் முதல்ல அடி வாங்கும். கல்ல பாறையில எப்படி படுத்திருந்துச்சோ அப்படியே படுக்க வச்சு கட்டினா நிக்கும், தூக்கி நட்டமா வச்சா ஏடு ஏடா உரிஞ்சிடும், இது எல்லா ஊர் கொத்தனாருக்கும் பொது. அங்க ரிப்பேர் பாக்கற கொத்தனாருங்க இன்னைக்கும் உளியும் சுத்தியும்தான் வச்சிருக்காங்க, அவங்கள பத்தி ஒரு வரி போட்டிருந்தா கட்டுரைக்கு உசிரு வந்திருக்கும்.

கடைசியா ஒன்னு. உங்க நிருபர் பக்கத்துல இருக்கற ஓல்ட் ஹால் இடிபாட்ட ‘சிதிலம்’னு ஒரே வார்த்தையில விட்டுட்டாரு. அதே அம்மா 1587 வாக்குல ஆரம்பிச்ச வீடு அது, அது முடியறதுக்குள்ளயே கொஞ்சம் தள்ளி புது வீட்டயும் ஆரம்பிச்சிட்டாங்க. இப்ப அத இங்கிலிஷ் ஹெரிடேஜ்ங்கற பழைய கட்டட பாதுகாப்பு அமைப்பு பாத்துக்குது. கூரை இல்ல, தளம் இல்ல, அதனால மாடிக்கு மாடி கணப்பு ஒன்னுக்கு மேல ஒன்னா சுவர்ல தொங்கிட்டு நிக்குது, உள்ள புகை போற வழி, சுவர் கனம் எல்லாம் வெட்டி வச்ச ட்ராயிங் மாதிரி பச்சையா தெரியும். புது வீட்டுக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு அங்க பாத்துட்டு அப்புறம் இங்க போனாத்தான் புரியும். அடுத்த தடவ இந்த வீட்ட பத்தி போட்டா முன்பக்க போட்டோவோட ஒரு தள ப்ளானும் போடுங்க, ஸ்மித்சனோட ட்ராயிங்குங்க லண்டன்ல பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்டுங்க சங்கத்துகிட்ட இருக்கு, அதுல இந்த வீட்டோட ஒத்துப்போற ப்ளானும் இருக்கு. ஜூலை ஆகஸ்ட்ல பிள்ளைங்கள பாக்க இந்த பக்கம் வர்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: எம் ஒன் ரோட்டுலேருந்தே வீடு தெரியும், 29ஆவது ஜங்ஷன்ல இறங்கணும், ஓல்ட் ஹால முதல்ல பாருங்க, அங்க மேல வரைக்கும் ஏற படி ஜாஸ்தி, முட்டி வலி இருக்கறவங்க பாத்து ஏறுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர் ஒருத்தர்,
நாட்டிங்ஹாம்.